தேறி வருவதும் தேறிவிடுவதும்

அன்பு மகன் சூசைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்து மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும், மறுபடி எடுத்துப் படிப்பதுமாக மூன்று நாள் போய்விட்டது. புக்கிட் மெர்தாஜாமில் உனக்குக் கொடுத்திருக்கும் அறை ரயில் போகும்போதெல்லாம் அதிர்கிறது என்று எழுதியிருந்தாய். போகப் போகப் பழகிவிடும். சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்ற வரியை உன் அம்மா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாரும் உன்னைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். இதையெல்லாம் எழுதிவிட்டு, தாளில் இடம் போதாமல், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். டாக்டர் துரை பாதி நோயாளிகளைப் பற்றி ஒரே மாதிரி சொல்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் என்று, அதை அப்படியே தமிழில் சொன்னால் அவர்கள் முழிக்கிறார்கள், ஒரு பெரியவர் "தம்பி புஸ்தகம் வாசிக்கிற மாதிரி பேசுது" என்று சிரித்தேவிட்டார், "இத்தனை வருஷம் இதே துபாஷி வேலை பார்த்தீர்களே அப்பா, நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று.

தபால் அட்டையில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். 'தேறி வருகிறார்' என்று சொல். அவ்வளவுதான். தோட்டத்து ஆளுக்கும் புரியும், கடைக்கார ராவுத்தருக்கும் புரியும், யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லை உன் கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால், நான் உனக்குப் பாதிதான் சொன்னவன் ஆவேன். பாதி சொன்னதால் வந்த கஷ்டம் எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதம் நீளமாகப் போகும். டியூட்டி இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து படி.

நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தெருவில் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன். தமிழ் உனக்கு அடுப்படியில் கேட்டு வந்தது. அதனால் மலாயிலிருந்தே தொடங்குகிறேன். 'பெரன்சூர்' என்று அவர்கள் சொல்வது உனக்குத் தெரியும். காய்ச்சல்காரன் கொஞ்சம் கஞ்சி குடித்தால் மெல்ல நல்லாகிறது என்று வார்டு ஆள் 'பெரன்சூர் பாய்க்' என்பான். வீட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்து விடைபெறும்போதும் அதே பெரன்சூர்தான். மெல்ல நகர்வது என்பதுதான் அதன் உள்ளே இருக்கிறது. எந்தப் பக்கம் நகர்வது என்பதைச் சொல்லும் இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். நம் 'தேறு' என்பதும் அப்படி ஒரு மெல்ல நடக்கிற சொல். பால் குடிக்காத குழந்தை நாலு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தால் 'பிள்ளை தேறியிருக்கு' என்கிறோம். கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல் நட்டவர்களைக் கேட்டுப் பார். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுத்துத் தலை சாயும், பிறகு வேர் பிடித்துப் பச்சை ஏறும். அதற்கும் 'பயிர் தேறிருச்சு' என்பார்கள். பரீட்சை எழுதினவன் தேறினான் என்கிறோம். செத்த வீட்டில் போய் 'மனசத் தேத்திக்குங்க' என்கிறோம். உடம்பு, பயிர், படிப்பு, துக்கம் நாலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்றால், இந்த நாலும் ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, கவனமாகப் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லின் வாலை. 'தேறி வருகிறார்' என்றால் அவர் வழியில் இருக்கிறார், நடந்து வந்துகொண்டிருக்கிறார், இன்னும் வந்து சேரவில்லை. வழியில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். 'தேறிவிட்டார்' என்றால் வந்து சேர்ந்தாயிற்று. 'தேறிவிடுவார்' என்றால், சொல்கிறவன் கையடித்துக் கொடுக்கிறான். வருகிறார் என்பதற்கும் விடுவார் என்பதற்கும் வாயில் எத்தனை தூரம் இருக்கிறது, சொல்லிப் பார். தூரமே இல்லை. பேச்சில் இன்னும் மோசம்: 'தேறி வராரு', 'தேறிடுவாரு'. பாதி மூச்சில் ஒன்று இன்னொன்றாகிவிடும். அந்தப் பாதி மூச்சில்தான் நான் தவறினேன்.

நீ பிறந்து ஒரு வருஷம் இருக்கும். ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்றாவது வருஷம். கஞ்சி போட்ட கோட்டும் வகிடு எடுத்த தலையுமாக டாக்டர் துரைக்கு இடது பக்கத்தில் ஓர் அடி பின்னால் நடப்பேன். துரை வாய் மூடுவதற்குள் தமிழில் சொல்லி முடிக்கிறேனே என்று எனக்கு ஒரு கர்வம். துரைக்கும் அது பிடித்திருந்தது. இவன் வேகமான ஆள் என்று மற்றவர்களிடம் சொல்வார். அந்தச் சமயம் கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வேலு என்று ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். முப்பது வயது இருக்கும். காய்ச்சலில் கிடந்து நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றி, படகில் கடல் தாண்டி இந்தத் தீவுக்குக் கூடவே வந்தவள் அவர் பெண்சாதி. இருபது வயதுப் பெண். பகலெல்லாம் வராந்தாத் தூணோரம் உட்கார்ந்திருப்பாள்; துரை வருகிற நேரம் பார்த்துக் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பாள். ஒன்பது நாள் அப்படி நின்றாள்.

பத்தாம் நாள் காலையில் வேலுவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. துரை நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு நீளமாகச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் நெஞ்சு இன்னும் சுத்தமாகவில்லை, இன்னும் ஒரு வாரம் போகாமல் எதுவும் சொல்வதற்கில்லை. அவர் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை மறக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"துரை என்ன சொல்றாரு ஐயா?"

"தேறிடுவாருன்னு சொல்றாரு."

"நெசமாவா? ஐயா, கங்காணி திங்கக்கெழமைக்குள்ள வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டாரு. வரலேன்னா லயத்து வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். நான் போயிட்டு வரலாமா?"

"அதான் தேறிடுவாருன்னு சொல்றேனே. போயிட்டு வா."

துரை அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே திரும்பி, அந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்று என்னைக் கேட்டார். "உங்களுக்கு நன்றி சொல்கிறாள்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன், சூசை? இருபது கட்டில் பாக்கி இருந்தது. துரையை நிறுத்திவைப்பது எனக்கு அவமானமாகப் பட்டது. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததும் எனக்கே ஒரு நல்ல காரியம் செய்தது போல இருந்தது. இதில் எது பெரிய காரணம் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் அன்று மத்தியானப் படகில் போனாள். இரண்டாம் நாள் விடிகாலையில் வேலுவுக்கு மூச்சு முட்டியது. நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை என்று மறுநாள் எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். தோட்டத்துக்கு ஆபீசிலிருந்து தகவல் எழுதினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் அவள் கிளம்பி வந்துவிட்டாள். ஐந்தாம் நாள், ஒரு துவைத்த வேட்டியும், இலையில் சுற்றிய ஏதோ பலகாரமும் கையில். நான் வராந்தாவில் அவள் வருவதைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவளிடம் சொல்லும்படி வார்டு கூட்டுகிற ஆளை அனுப்பினேன். அவன் மலாய்க்காரன், அவனுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னான். அவள் அழுத சத்தம் கேட்கவில்லை. கதவு தட்டுகிற சத்தம்தான் கேட்டது. திறந்தேன்.

"நீங்கதான ஐயா சொன்னீங்க?"

"துரை சொன்னதத்தான் சொன்னேன்" என்றேன்.

முதலில் சொன்னது அவசரத்தில் வந்த தப்பு. இது அப்படி இல்லை. யோசித்து, அவள் முகத்தைப் பார்த்து, தெரிந்தே சொன்னேன். அவள் அந்த வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அவள்தான் உன் அங்கம்மா அத்தை.

நீ இந்த வரியில் நின்றிருப்பாய் என்று தெரியும். நின்று, மேலே போய் மறுபடி படித்துவிட்டு வா. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டுப் பின்னறையில் இருக்கிறவள், நீ பூசைக்குப் போகும்போது உன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுத் தான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், எப்படி நம் வீட்டுக்கு வந்தாள் என்று நீ கேட்டபோதெல்லாம் 'ஆஸ்பத்திரியில் பழக்கம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை. பாதி.

அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மிஸ்ஸிகள் இரக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற இடத்தில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பின்வாசல் வழியாகப் போனால் வீட்டுக்குக் கிட்டே; ஐந்து வருஷம் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தேன். வேலையில் என் பேச்சு மட்டும் மாறியது. துரை எவ்வளவு நீளம் சொன்னாரோ அவ்வளவு நீளம் நானும் சொல்ல ஆரம்பித்தேன். வேகமான ஆள் என்ற பெயர் போய்விட்டது. வந்த புதுத் துரை ஒருவர் என்னை மந்தம் என்று நினைத்தார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். ஆனால் தனியாக நின்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர், "போய் அவளிடம் சொல்" என்றார். அடுத்த மாதமும் போய் அதையே சொன்னேன். அவரும் அதையே சொன்னார். சர்வேசுரனிடம் சொல்வது எனக்கு லேசாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் முடியவில்லை.

உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் விட்டது. ஆனால் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டால் துணி மாதிரி மடிந்து விழுந்தாய். இரண்டு காலிலும் பிடிமானம் இல்லை. அந்தப் புதுத் துரைதான் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம், நான் மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை மாற்றிச் சொன்ன அதே இங்கிலீஷ் வாசகத்தைச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் வரலாம். உறுதி சொல்வதற்கில்லை. அத்தனை நாளும் அது என் காதில் நுழைந்து வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த வாசகம். அன்றைக்குத்தான் உள்ளே போயிற்று. உன் அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"என்னங்க சொல்றாரு?"

தேறிடுவான் என்று சொன்னால் அவள் அன்று சோறு சாப்பிடுவாள். அது நாக்கு நுனியில் நின்றது. நான் சொல்லவில்லை.

"தேறி வரலாம்னு சொல்றாரு மேரி. தேறிடுவான்னு சொல்லல. சொல்ல முடியாதுங்கிறாரு."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சரி, அப்ப நாம என்ன செய்யணும்?"

இந்தக் கேள்வியைக் கவனி. தேறிவிடுவான் என்று நான் சொல்லியிருந்தால் அவள் இதைக் கேட்டிருக்கமாட்டாள். கேட்க வேண்டியதில்லையே, காரியம் முடிந்துவிட்டதே. தேறி வரலாம் என்றதால் அவள் கைக்கு வேலை வந்தது. நான் துரையிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். காலைத் தினம் நீவிவிட வேண்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், வலிக்கிறது என்று அழுதாலும் மடக்கி நீட்ட வேண்டும், மாதக்கணக்கில் செய்ய வேண்டும் என்றார். உன் அம்மாவுக்கு நீ அழுதால் கை ஓடாது. அப்போதுதான் வார்டுக்குத் துணி எடுக்க வந்த ஒருத்தியோடு அவளுக்குப் பழக்கம் ஆகியிருந்தது. மிஸ்ஸி செய்வதைப் பார்த்துப் பார்த்து நோயாளிகளுக்குக் கை கால் நீவிப் பழகினவள்.

நான் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். டாத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் இருந்ததே நம் பழைய பலகை வீடு, அதன் கூடத்தில் பாய் விரித்து, உன் காலை மடியில் போட்டுக்கொண்டு அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். நீ கத்திக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான். திரும்பவும் குனிந்து, "இன்னும் பத்து எண்ணு ராசா, பத்து எண்ணுனா விட்டுருவேன்" என்று உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நீ தமிழில் பத்து வரை எண்ணப் படித்தது அந்தப் பாயில்தான்.

தினம் வருவாள். துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஊறிப்போன விரல்களோடு வருவாள். மழை பெய்து டிராம் நின்றால் நனைந்துகொண்டு நடந்து வருவாள். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் மாதம் வலது கால் பெருவிரல் அசைந்தது. அவளும் உன் அம்மாவும் மட்டும் பார்த்தார்கள், நான் போனபோது அசையவில்லை. பிறகு முழங்கால் மடங்கியது. பிறகு ஒரு வாரம் பின்னுக்குப் போனது. பாயில் நகர்ந்தாய், சுவரைப் பிடித்து உட்கார்ந்தாய். இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல். தினம் பார்க்கிறவர்களுக்கு எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். ஈப்போவிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வரும் உன் மாமாதான், "அட, போன தடவைக்கு இந்தத் தடவை" என்பார். அவர் சொன்ன பிறகுதான் நாங்களும் பார்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் உன் அம்மாவும் வந்தோம். நீ சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாய். அங்கம்மா உனக்குப் பின்னால், தொடாமல், கையை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு. நான் என்னை மறந்து, "மேரி, தேறிட்டான்! பையன் தேறிட்டான்!" என்று கத்தினேன்.

"சொல்லாதீங்க ஐயா." அவள் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. "அந்த வார்த்தய நீங்க சொல்லாதீங்க."

உன் அம்மா, "ஏன் அங்கம்மா, என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா. புள்ள நிக்கட்டும்" என்றாள் அவள். நீ இன்னும் கொஞ்சம் நின்றாய். பிறகு அவள் கையில் சாய்ந்தாய்.

அன்று அவள் கிளம்பியபோது நானும் கூடவே சந்து முனை வரை போனேன். ஆறு வருஷத்துக்கு மேல் சேர்த்து வைத்ததை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பைத்தியக்காரன் மாதிரி, "துரை அப்படிச் சொல்லல அங்கம்மா" என்றேன். "தேறி வராருன்னுதான் சொன்னாரு. ஒரு வாரம் போகணும்னு சொன்னாரு. நான்தான் தேறிடுவாருன்னு சொன்னேன். அப்புறம் வந்து கேட்டப்பவும் நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? வெள்ளக்காரரு அம்புட்டு நேரம் பேசுனாரு. நீங்க ஒத்த வார்த்தைல முடிச்சீங்க. மிச்சம் எங்க போச்சுன்னு நான் படகுல போறப்பவே நெனச்சேன்."

"தெரிஞ்சுமா என் வீட்டுக்கு வந்த?"

"உங்க வீட்டுக்கா வந்தேன்? அக்கா கூப்பிட்டாங்க, புள்ளைக்கு வந்தேன்." கொஞ்சம் நின்று, "நெருப்பாத்தான் இருந்துச்சு, முதல்ல. உங்களப் பாத்தாலே. இப்ப அம்புட்டு இல்ல. போங்க, மழை வருது" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவகிட்ட சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், அங்கம்மாவுக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

நீ பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனது உன் எட்டாவது வயதில். இன்றைக்கும் மழைக்காலத்தில் உன் இடது கால் கொஞ்சம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். நீ மறைத்து நடப்பதும் தெரியும். மறைக்காதே. நான் கத்திய அந்த ஒரு தடவையைத் தவிர, நீ முழுதாகத் தேறிவிட்டாய் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, அதனால்தான் ஒரு நாளும் யாரும் கையை எடுக்கவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். புக்கிட் தெங்காவிலிருந்து வந்து படுத்திருக்கிறவரைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் சம்சாரம் தினம் மூன்று தடவை 'தேறிடுவாரா தம்பி' என்று கேட்கிறாள், துரையோ அதே கொஞ்சம் கொஞ்சம்தான் என்கிறார், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று. அவளிடம் 'தேறி வராரும்மா' என்று சொல். துரை சொன்ன மிச்சத்தையும் சொல். ஆனால் அதோடு நின்றுவிடாதே. அவள் ஏன் கேட்கிறாள் என்று கேள். எனக்கு இது புரிய வருஷக்கணக்கில் ஆனது. அங்கம்மா அன்று என்னிடம் கேட்டது புருஷனின் நெஞ்சுச் சளியைப் பற்றி மட்டும் இல்லை. நான் போகலாமா, இருக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, துரையிடம் இருந்தது. 'இந்தப் பெண் ஊருக்குப் போகலாமா என்று கேட்கிறாள்' என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால், அவர் போகாதே என்று சொல்லியிருப்பார். வேலு பிழைத்திருக்கமாட்டார். ஆனால் தனியாகப் போயிருக்கமாட்டார். துபாஷிக்கு இரண்டு பக்கமும் வாய் இருக்க வேண்டும், சூசை. துரையின் பேச்சை இந்தப் பக்கம் கொண்டுவருவது பாதி வேலை. அவள் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோவது மறு பாதி. துரை கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். உறையில் போடுவதற்கு முன்னால் அங்கம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுதும் வாசித்துக் காட்டினேன். அவள் கதை, அவளைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று தோன்றியது. அடுப்படி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். வேலு பெயர் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது.

"ஒண்ணு வுட்டுப் போச்சு ஐயா," என்றாள். "நான் ஒரு தடவ கேக்கல. மூணு தடவ கேட்டேன். மொத ரெண்டு தடவ நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் வுடல. பத்து நாளு அந்த மருந்து வாடைல இருந்து எனக்கும் போகணும்னு இருந்துச்சு. நீங்க போகச் சொல்லணும்னு நின்னேன்."

எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. ஒரே தடவைதான் கேட்டாள், ஒரே தடவைதான் சொன்னேன். "நெசமாவா அங்கம்மா?" என்று கேட்டேன். அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே, "எழுதிக்கிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அன்று சந்து முனையில் 'ஒத்த வார்த்தைல முடிச்சீங்க' என்றவளும் அவள்தான். எது நடந்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

பிறகு அவளே கேட்டாள்: "அந்த புக்கிட் தெங்கா பொம்பளைக்குக் கூட யாரும் இருக்காங்களா?" இல்லை, வராந்தாவில் தனியாகத்தான் இருக்கிறாளாம் என்றேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், மாற்றுச் சேலை இரண்டு எடுத்து மூட்டை கட்டினாள். உன் அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாளைக் காலையில் முதல் படகில் கடல் தாண்டிப் பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள். வேலு போன செய்தி கேட்ட பிறகு அவள் அந்தக் கரையில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

அதனால் இதைத் தபாலில் சேர்க்கவில்லை. அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். இதை உன்னிடம் கொடுத்துவிட்டு அவள் நேராக வார்டுக்குத்தான் போவாள். அவளை வாசலில் நிறுத்திவைத்து ஒன்றும் கேட்காதே. படகு ஆட்டத்தில் அவளுக்குத் தலை சுற்றும், வெறும் வயிற்றோடுதான் வந்திருப்பாள். முதலில் காப்பி வாங்கிக் கொடு. பிறகு அந்த அம்மாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று காட்டு.

உன்னை சர்வேசுரன் காப்பாராக.

உன் அப்பா